குதிரை முடியளவு பிழை: அணுக்கருவின் வலிய விசையைக் கணக்கிடும் கலை

புதுச்சேரியின் தென்பகுதியில் பாகூர் ஏரி பரந்து கிடக்கிறது. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாக அப்பகுதியின் பெரிய ஏரி இதுவே. அதன் கரை நேர்கோடு அன்று; நிலத்தின் போக்கிற்கேற்ப வளைந்து செல்வது. இக்கரையின் நீளத்தை அறிய விரும்புவோர் நில அளவைச் சங்கிலியை இழுத்துப் பிடித்து, துண்டு துண்டாக அளந்து கூட்டுவர். இழுத்துப் பிடித்த சங்கிலி நேராகத்தான் நிற்கும், கரையோ வளைகிறது. ஆகவே ஒவ்வொரு துண்டிலும் சங்கிலி ஒரு குறுக்கு வழியில் செல்கிறது. முடிவில் கிடைக்கும் நீளம் உண்மை நீளத்தைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும்.

இதில் அளப்பவர் மீது குற்றம் இல்லை; சங்கிலியின் மீதும் இல்லை. தொடர்ச்சியான ஒன்றைத் துண்டுகளாக்கி அளந்ததனால் நேர்ந்த பிழை இது. கிராமப் படத்தின் மீது கட்டத்தாளை வைத்துச் சதுரங்களை எண்ணி ஏரியின் பரப்பைக் காணும்போதும் இதே பிழை வேறு உருவில் தோன்றும். பத்திரங்களில் எக்டேர், ஆர், சென்ட்டியார் என்று இன்றும் எழுதும் புதுச்சேரிக் கிராமங்களில், ஒரு சென்ட்டியார் நிலம் குறைந்தாலும் அது வழக்காகிவிடும் என்பதை நாம் அறிவோம். எனவே பிழை உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், பிழை எவ்வளவு, அதை எப்படிக் குறைப்பது என்று கேட்பதே அறிவுடையோர் வழக்கம்.

வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டையில் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "புரோட்டானின் எடையைக் கணினியால் கணக்கிட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். கணினி சொன்னதனாலேயே அது சரியாகிவிடுமா?" மிக நியாயமான வினா. அதற்கு விடை தேடினால், பாகூர் ஏரிக்கரையில் சங்கிலி செய்த பிழைதான் அணுக்கருவின் உள்ளேயும் நம்மைத் தொடர்ந்து வருகிறது என்பது புலனாகும். அப்பிழையை அறிஞர்கள் எவ்வாறு வென்றனர், எந்த அளவிற்கு வென்றனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டக் குளமும் மூன்று வழிகளும்

முதலில் ஓர் எளிய கணக்கு. 100 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டக் குளம் இருப்பதாகக் கொள்வோம். அதன் சுற்றளவு 314.159 மீட்டர் என்பது நமக்குத் தெரியும். தெரியாது என்று வைத்துக்கொண்டு அளப்போம். கரையில் சம தூரத்தில் 6 முளைகளை அடித்து, அவற்றிடையே கயிற்றை நேராக இழுத்து அளந்தால் 300 மீட்டர் கிடைக்கும். 12 முளைகள் அடித்தால் 310.583 மீட்டர். 24 முளைகள் அடித்தால் 313.263 மீட்டர். பிழைகளை மட்டும் நோக்கினால் முறையே 14.159, 3.576, 0.896 மீட்டர். கயிற்றின் நீளம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. அதாவது பிழை, கயிற்று நீளத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதமாக இருக்கிறது.

இதனைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, முளைகளை இன்னும் நெருக்கமாக அடித்துக்கொண்டே போவது. இவ்வழியின் உச்சியைத் தொட்டவர் சமர்கந்து நகரில் உலூக் பேக்கின் அவையில் பணியாற்றிய பேரறிஞர் ஜம்ஷீத் அல்காஷீ. ஹிஜ்ரி 827, அதாவது கி.பி. 1424இல் முடித்த 'அர்ரிசாலா அல்முஹீதிய்யா' என்னும் நூலில் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதத்தை அவர் 16 தசம இடங்களுக்கு நிகரான துல்லியத்தில் கணக்கிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பலகோணத்தின் பக்கங்கள் 80 கோடியே 53 லட்சத்துக்கும் மேற்பட்டவை. ஆயினும் அக்கணக்கின் உண்மைப் பெருமை இலக்கங்களின் எண்ணிக்கையில் இல்லை. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை அவர் தொடங்கும் முன்பே வரையறுத்துக்கொண்டார். பூமியின் விட்டத்தைப் போல் 6 லட்சம் மடங்கு விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவில்கூடப் பிழை ஒரு குதிரை முடியின் பருமனைத் தாண்டக் கூடாது என்பது அவர் வகுத்த நிபந்தனை. அதற்கு எத்தனை பக்கங்கள் தேவை, ஒவ்வொரு படியிலும் எத்தனை இலக்கங்கள் தேவை என்று முன்கூட்டியே கணித்து, பின்னரே கணக்கில் இறங்கினார். விடையோடு பிழையின் எல்லையையும் சேர்த்துச் சொல்வதே அறிவியல் என்னும் இன்றைய நெறி அங்கே முழுமையாக விளங்குகிறது.

இரண்டாம் வழி, துண்டுகளைச் சிறிதாக்காமல், செய்யும் பிழை இன்னதென்று அறிந்து அதற்கு ஈடான ஒரு திருத்தத்தைச் சேர்ப்பது. ஏறத்தாழ அல்காஷீயின் காலத்தை ஒட்டிக் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவரின் பெயரால் வழங்கும் முறை இதற்குச் சான்று. 1, மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று எனக் கூட்டியும் கழித்தும் செல்லும் அவருடைய தொடரில் 10 உறுப்புகளை எடுத்து நான்கால் பெருக்கினால் 3.0418 மட்டுமே வரும். இரண்டாம் இலக்கமே தவறு. ஆனால் தொடரை நிறுத்திய இடத்தில் அவர் மரபு தரும் எளிய திருத்தத்தைச் சேர்த்தால் 3.1418 என்றாகும், அதனினும் நுட்பமான திருத்தத்தைச் சேர்த்தால் 3.14159 வந்துவிடும். உறுப்புகள் அதே பத்துதான்.

மூன்றாம் வழி, வெவ்வேறு துண்டளவுகளில் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்தி, துண்டின் அளவு சுழியமானால் விடை என்னவாகும் என்று ஊகித்துச் செல்வது. இதனைப் புறச்செருகல் என்பர். நமது குளத்தில் 12 முளை விடையை நான்கால் பெருக்கி, 6 முளை விடையைக் கழித்து, மூன்றால் வகுத்தால் 314.110 கிடைக்கும். 24, 12 முளை விடைகளை அவ்வாறே சேர்த்தால் 314.156; பிழை வெறும் 3 மில்லிமீட்டர். அத்துல்லியத்தை நேரடி அளவையால் எட்ட 400க்கு மேற்பட்ட முளைகள் தேவைப்பட்டிருக்கும்.

ஆயின் ஓர் எச்சரிக்கை. இக்கணக்கு பலித்தது, பிழை வர்க்கத்திற்கு நேர்விகிதமாகச் சுருங்குகிறது என்னும் விதி நமக்குத் தெரிந்ததனால்தான். கரை ஓரிடத்தில் நொடித்துத் திரும்பி, அத்திருப்பம் முளைகளுக்கு நடுவே ஒளிந்திருந்தால் இவ்விதி நம்மைக் கைவிடும். இவ்வெச்சரிக்கை பின்னர் மீண்டும் வரும்.

வலிய விசை ஏன் கட்டங்களைக் கேட்கிறது?

அணுக்கருவில் உள்ள புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை. குவார்க்குகளைப் பிணைப்பது வலிய அணுக்கரு விசை. அவ்விசையைச் சுமப்பவை குளுவான்கள். மின்காந்த விசையில் ஒளித்துகள்கள் ஒன்றோடொன்று நேரடியாக உறவாடுவதில்லை. குளுவான்களோ தம்முள்ளேயே பிணைந்துகொள்கின்றன. இதன் விளைவு வியப்பானது. குவார்க்குகள் மிக நெருங்கினால் விசை தளர்கிறது, விலகினால் இறுகுகிறது. நெருக்கத்தில் விசை தளரும் என்பதை 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் நிறுவினர். 2004இல் நோபெல் பரிசு பெற்றனர்.

புரோட்டானின் எடைக்குள் ஒரு புதிர் உண்டு. அதன் எடை 938 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அதனுள் உள்ள மூன்று குவார்க்குகளின் எடைகளைக் கூட்டினால் ஏறத்தாழ 9 மட்டுமே. நூற்றில் ஒரு பங்கு. எஞ்சிய எடை முழுவதும் அவ்விசையின் ஆற்றலாலும் குவார்க்குகளின் இயக்கத்தாலும் வருவது. நம் உடலின் எடையும், ஏரியின் நீரின் எடையும் பெரும்பாலும் இவ்விசையின் ஆற்றலே என்றால் மிகையன்று. இதனைத் தாளில் எழுதிக் கணக்கிட முடியாது. விசை தளர்வாக இருக்கும்போது பயன்படும் படிப்படியான தோராய முறை, விசை இறுகிய நிலையில் பயன்படாது.

இதற்கு வழி கண்டவர் கென்னத் வில்சன். 1974இல் அவர் வெளியிட்ட ஆய்வில், இடத்தின் மூன்று திசைகளும் காலத்தின் ஒரு திசையும் சேர்ந்த நாற்பரிமாண வெளியைச் சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாகப் பிரித்தார். முனைகளில் குவார்க்குகள், முனைகளை இணைக்கும் கோடுகளில் குளுவான் புலம். இவ்வமைப்பே அணிக்கோவை. தொடர்வெளியில் எண்ணிலடங்காததாக இருந்த கணக்கு இப்போது எண்ணக்கூடியதாயிற்று.

எண்ணக்கூடியது என்றாலும் எளியதன்று. இங்கு அளவுகோல் ஃபெர்மி; ஒரு மீட்டரைக் கோடியால் வகுத்து, அதை மீண்டும் பத்துக் கோடியால் வகுத்தால் வரும் நீளம். புரோட்டானின் குறுக்களவு ஏறத்தாழ 1.7 ஃபெர்மி. அதனை வசதியாக அடக்க ஒவ்வொரு திசையிலும் 6 ஃபெர்மி நீளமுள்ள பெட்டியை எடுத்து, 0.06 ஃபெர்மி இடைவெளியில் கட்டமிட்டால், திசைக்கு 100 முனைகள். நான்கு திசைகளில் மொத்தம் 10 கோடி முனைகள். ஒவ்வொரு முனைக்கும் நான்கு கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் எட்டு எண்கள். ஆக 320 கோடி எண்கள் ஒரே நேரத்தில் ஏறியும் இறங்கியும் ஆடுகின்றன. அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் எண்ண இயலாது. தேர்தல் கருத்துக்கணிப்பைப் போல வாய்ப்பு முறையில் சில நூறு அல்லது சில ஆயிரம் மாதிரிகளை எடுத்துச் சராசரி காண்கின்றனர். இதற்கே மீக்கணினிகள் வேண்டியுள்ளன.

கட்ட இடைவெளியைப் பாதியாக்கினால் முனைகள் 16 மடங்காகும். வேலையோ அதனினும் பல மடங்காகும்; ஏனெனில் கட்டம் நுணுகும்போது ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் வேறுபாடு தோன்ற மேலும் நெடுநேரம் கணக்கிட வேண்டியிருக்கிறது. மிக நுணுகிய கட்டங்களில் கணக்கு ஒரே நிலையில் உறைந்து நிற்பதும் உண்டு. ஆகவே அல்காஷீயின் வழி மட்டும் இங்கே போதாது. மாதவரின் வழியும் புறச்செருகலும் தேவைப்படுகின்றன.

பதினாறு நிழல்கள்

கட்டமிடுவதால் வரும் பிழை குளுவான்களில் இடைவெளியின் வர்க்கத்திற்கு நேர்விகிதமாக இருக்கும். நமது குளத்தைப் போல. குவார்க்குகளில்தான் தொல்லை. கட்டங்களில் குவார்க்கின் சமன்பாட்டை எளிய முறையில் எழுதினால், ஒரு குவார்க்குக்குப் பதில் பதினாறு தோன்றுகின்றன. ஒவ்வொரு திசைக்கும் இரு மடங்கு வீதம் நான்கு திசைகளுக்கு. மின்விசிறியின் இறக்கைகள் விளக்கொளியில் சில வேளை நின்றதுபோலவோ பின்னோக்கிச் சுழல்வதுபோலவோ தோன்றுவதில்லையா? இடைவிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு வேகமான இயக்கமும் மெதுவான இயக்கமும் ஒன்றாகத் தெரிவதே அதற்குக் காரணம். கட்டங்களுக்கிடையே வேகமாக அலையும் குவார்க்கும் அமைதியான குவார்க்கும் அவ்வாறே ஒன்றாகத் தெரிகின்றன. விசையின் சமச்சீர்மைகள் எதையும் இழக்காமல் இந்நிழல்களை எளிதில் ஒழிக்க முடியாது என்று 1981இல் நீல்சனும் நினோமியாவும் நிறுவினர்.

வில்சன் ஒரு கூடுதல் உறுப்பைச் சேர்த்து நிழல்களை எடை மிக்கவையாக்கி விரட்டினார். ஆனால் அதற்கு விலை உண்டு. கைரல் சமச்சீர்மை எனப்படும், இடக்கை வலக்கைக் குவார்க்குகளைத் தனித்தனியே காக்கும் பண்பு முறிந்தது. பிழையும் இடைவெளியின் வர்க்கத்திற்கு அன்றி, இடைவெளிக்கே நேர்விகிதமாயிற்று. இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை காலாகாமல் பாதியாக மட்டுமே குறையும்.

கோகட்டும் சஸ்கிந்தும் 1975இல் வேறு வழி சென்றனர். குவார்க்கின் கூறுகளை அண்டை முனைகளில் பிரித்து வைத்தால் பதினாறு நிழல்கள் நான்காகக் குறையும். பிழையும் வர்க்க விகிதத்திலேயே நிற்கும். இம்முறையை நாற்பரிமாணக் கட்டங்களில் தெளிவுற ஆராய்ந்த அடிப்படை ஆய்வுகளுள் ஒன்று, 1981இல் எச். எஸ். சரத்சந்திரா, துன், வைஸ் ஆகிய மூவர் வெளியிட்டது. சரத்சந்திரா சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். வில்லியனூரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் நண்பகலுக்குள் சென்றடையக்கூடிய ஓரிடம் உலகளாவிய இக்கணக்கின் வேர்களில் ஒன்றோடு தொடர்புடையது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஆனால் அந்நான்கு நிழல்களும் கட்டங்களில் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றிடையே எழும் சிறு வேறுபாடு, இடைவெளி சுழியமாகும்போதுதான் மறையும். இச்சிறு வேறுபாடு பின்னாளில் பெருஞ்சிக்கல் ஒன்றின் நடுவே நின்றது.

திருத்தம் சேர்க்கும் கலை

ஹாம்பர்க்கின் கர்ட் சிமான்சிக், 1980களின் தொடக்கத்தில் மாதவர் வழியின் நவீன வடிவத்தை வகுத்தார். 1983இல் அவர் மறைந்தாலும் அவர் வகுத்த நெறி இன்றும் ஆள்கிறது. கட்டங்களில் எழுதிய விசை விதி என்பது தொடர்வெளியின் உண்மை விதியோடு சில வேண்டாத உறுப்புகள் சேர்ந்தது. அவ்வுறுப்புகள் இடைவெளியால், அதன் வர்க்கத்தால், அதன் நான்காம் படியால் பெருக்கப்பட்டு வரிசையாக நிற்கின்றன. எந்த உறுப்புகள் வரக்கூடும் என்பதைச் சமச்சீர்மையே சொல்லிவிடும். அப்படியானால் கட்ட விதியிலேயே எதிர்க்குறியுள்ள உறுப்புகளைச் சேர்த்து முதல் வரிசையை ஒழித்துவிடலாம்.

எளிய சான்று: ஒரு சாய்வைக் காண இரு பக்கத்து அண்டை முனைகளின் வேறுபாட்டை எடுத்தால் பிழை வர்க்க விகிதத்தில் வரும். அதற்கு மூன்றில் நான்கு என்னும் எடை கொடுத்து, இரு கட்டம் தள்ளி நிற்கும் முனைகளிலிருந்து கண்ட சாய்வை மூன்றில் ஒன்று எடையோடு கழித்தால் வர்க்கப் பிழை முற்றிலும் நீங்கும். குளக்கணக்கில் நான்கால் பெருக்கி, ஒன்றைக் கழித்து, மூன்றால் வகுத்ததும் இதே எண்களே. அங்கே விடைகளைச் சேர்த்தோம். இங்கே விதியையே திருத்துகிறோம்.

1985இல் இரு ஆய்வுகள் வெளிவந்தன. லூஷரும், மேலே கண்ட அதே வைஸும் குளுவான்களுக்கான திருத்தத்தைத் தந்தனர். ஒரு கட்டச் சதுரத்தோடு இரு கட்டச் செவ்வகத்தையும் சேர்த்துக்கொண்டனர். ஷெய்கொலெஸ்லாமியும் வோலர்ட்டும் வில்சன் குவார்க்குகளுக்கான திருத்தத்தைத் தந்தனர். முன்னவரின் பாரசீகக் குடும்பப் பெயர் 'ஷெய்குல் இஸ்லாம்' என்பதன் திரிபே. ஒரு முனையைச் சுற்றியுள்ள நான்கு சதுரங்களைக் கூட்டி அமைவதால் இத்திருத்தம் நாலிலைக் கீரையைப் போல் தோன்றும். ஆய்வாளர் அதனை க்ளோவர் உறுப்பு என்பர். அந்த ஓர் உறுப்பைத் தக்க எடையோடு சேர்த்தால், விதியிலிருந்து எழும் பிழை இடைவெளியின் வர்க்கத்திற்கு இறங்குகிறது.

தக்க எடை எது என்பதில்தான் குவாண்டம் உலகின் நுட்பம் ஒளிந்திருக்கிறது. தாளில் கணக்கிட்டால் அவ்வெடை 1. ஆனால் கட்டங்களில் குளுவான் புலம் ஓயாது துடிக்கிறது. அத்துடிப்பு எடையை மாற்றிவிடுகிறது. அத்துடிப்பின் பெரும்பகுதியைச் சராசரியாகப் பிரித்தெடுத்துக் கணக்கைச் செம்மையாக்கும் முறையை 1990களின் தொடக்கத்தில் லெப்பாஜும் மெக்கன்சியும் காட்டினர். பின்னர் ஆல்ஃபா என்னும் ஐரோப்பிய ஆய்வுக் குழுவினர், பிழையால் முறிந்த ஒரு சமன்பாடு மீண்டும் பொருந்தும்வரை எடையை மாற்றி மாற்றி, கணினியாலேயே அதனைக் கண்டனர். குவார்க் இணைகளின் தோற்ற மறைவைச் சேர்க்காத எளிய நிலையில், சுமார் 0.09 ஃபெர்மி இடைவெளியில், எடை ஏறத்தாழ 1.77 என்று வந்தது. தாளின் 1 எங்கே, இந்த 1.77 எங்கே! பாதித் திருத்தத்தைச் செய்துவிட்டு முழுத் திருத்தம் என்று நம்பியிருந்தால் வந்திருக்கும் இழப்பை எண்ணிப் பார்க்கலாம்.

இதே காலத்தில் வேறிரு முன்னேற்றங்களும் நிகழ்ந்தன. ராஜாமணி நாராயணனும் ஹெர்பெர்ட் நோய்பெர்கரும் வளர்த்த எண்ணத்திலிருந்து, கட்டங்களிலும் கைரல் சமச்சீர்மையைக் காக்கும் குவார்க் வடிவம் 1998இல் உருப்பெற்றது. இதில் இடைவெளியின் ஒற்றைப்படைப் பிழைகளுக்கு இடமே இல்லை. ஆனால் கணக்குச் செலவு மிகப் பெரிது. மற்றொரு பக்கம், கோகட் சஸ்கிந்து குவார்க்குகளின் நிழல் வேறுபாட்டை, குளுவான் கோடுகளை மென்மையாக்கி வெகுவாகக் குறைக்கும் வடிவம் 2007இல் வெளியாயிற்று.

மும்பையிலும் சென்னையிலும்

இந்தியாவில் இத்துறையின் முதன்மை மையம் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அங்கே ராஜீவ் கவாயும் சௌரேந்து குப்தாவும் செய்த ஒரு பணி, கட்டமிடல் பிழையின் வலிமையைக் கண்ணெதிரே காட்டுவது. மிகு வெப்பத்தில் புரோட்டான்கள் உருகிக் குவார்க் குழம்பாகின்றன. பொருட்செறிவு கூடும்போது அவ்வுருகல் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் தன் இயல்பை மாற்றும் என்பது எதிர்பார்ப்பு. அப்புள்ளி இருக்குமிடத்தைச் செறிவைக் குறிக்கும் ஓர் அளவுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள விகிதத்தால் சொல்வர். காலத்திசையில் 4 கட்டங்களைக் கொண்டு 2005இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் அவ்விகிதம் சுமார் 1.1. பின்னர் அதே வெப்பநிலையை 6 கட்டங்களாகப் பகுத்துச் செய்த கணக்கில் சுமார் 1.8. சௌமேன் தத்தாவும் இணைந்து 8 கட்டங்களில் செய்தபோது சுமார் 1.85. முதல் விடைக்கும் இரண்டாம் விடைக்கும் இடையே பெரும் தாவல். அடுத்ததில் மிகச் சிறு நகர்வு. முதல் விடையைக் கொண்டே நின்றிருந்தால் வழி தவறியிருக்கும். அப்புள்ளி உண்மையில் எங்குள்ளது என்னும் ஆய்வு இன்னும் முடியவில்லை.

அதே நிறுவனத்தின் நீல்மணி மாத்தூரும், இப்போது சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றும் எம். பத்மநாத்தும் கன குவார்க்குகளை ஆராய்பவர்கள். கன குவார்க்குகளில் பிழை இருமடங்கு கவனம் கேட்கிறது. ஏனெனில் அங்கே பிழை, இடைவெளியோடு குவார்க்கின் எடையும் பெருகிய எண்ணின் வர்க்கமாக வளர்கிறது. ஐரோப்பிய ஆய்வுக்கூடமான செர்னில் 2017இல் ஐந்து புதிய ஒமேகா வகைத் துகள்கள் கண்டறியப்பட்டபோது, அவற்றின் குவாண்டம் எண்கள் எவையாக இருக்கும் என்பதை இவ்விருவரும் அணிக்கோவைக் கணக்கால் கூறினர். மறு ஆண்டில் சார்ம், பாட்டம் என்னும் இருவகைக் கன குவார்க்குகள் சேர்ந்த துகள்களின் எடைகளை மோண்டலுடன் சேர்ந்து முன்கூட்டியே கணித்தனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இடைவெளிகள் ஏறத்தாழ 0.12, 0.09, 0.06 ஃபெர்மி. குளத்தில் 6, 12, 24 முளைகள் அடித்தது போலவே, மூன்று விடைகளைக் கண்டு சுழிய இடைவெளியை நோக்கிச் சென்றனர்.

புரோட்டானின் எடைக்கும் இதுவே நிகழ்ந்தது. 2008இல் புடாபெஸ்ட், மார்செய், வுப்பர்டால் ஆகிய ஊர்களின் ஆய்வாளர்கள் சேர்ந்த குழு, மூன்று இடைவெளிகளில் கணக்கிட்டு, புறச்செருகல் செய்து, புரோட்டான் உள்ளிட்ட துகள்களின் எடைகளைச் சில விழுக்காட்டுப் பிழைக்குள் சோதனை அளவுகளோடு பொருத்திக் காட்டியது.

ஒரு துகளின் காந்தமும் ஒரு பெரும் ஐயமும்

இவ்வளவு உழைப்பும் எதற்காக என்று ஒருவர் வினவலாம். மியூவான் என்னும் துகளின் காந்தப் பண்பே தக்க விடை. அதன் அளவை அமெரிக்காவின் புரூக்ஹேவனிலும் பின்னர் ஃபெர்மி ஆய்வுக்கூடத்திலும் மிக நுணுக்கமாக அளந்தனர். 2021 ஏப்ரல் 7ஆம் நாள் ஃபெர்மி ஆய்வுக்கூடம் தன் முதல் விடையை அறிவித்தபோது, அன்று ஏற்கப்பட்டிருந்த கோட்பாட்டு விடையிலிருந்து அது கணிசமாக விலகியிருந்தது. நாம் அறியாத புதிய விசையோ துகளோ இருக்கிறது என்னும் எதிர்பார்ப்பு உலகெங்கும் எழுந்தது.

அதே நாளில், மேற்சொன்ன ஐரோப்பியக் குழுவின் அணிக்கோவைக் கணக்கும் வெளியாயிற்று. மியூவானின் காந்தத்தில் வலிய விசையின் பங்கை அது புதிதாகக் கணக்கிட்டது. அவ்விடை சோதனைக்கு மிக நெருங்கி நின்றது. அப்படியானால் புதிய விசைக்கு இடமில்லை. எது சரி? வழக்கு முழுவதும் பெருமளவில் ஒரே கேள்வியில் வந்து நின்றது: அக்குழு பயன்படுத்திய கோகட் சஸ்கிந்து குவார்க்குகளின் நிழல் வேறுபாடு, சுழிய இடைவெளிக்குச் செல்லும்போது சரியாகக் களையப்பட்டதா? கரை எங்கேனும் நொடித்துத் திரும்பியிருந்து, முளைகளுக்கு நடுவே அது தப்பியிருக்குமா?

இதற்கு விடை வாதத்தால் வரவில்லை, உழைப்பால் வந்தது. வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு குவார்க் வடிவங்களில் அதே அளவின் பகுதிகளைக் கணக்கிட்டன. கட்டங்களில் அவற்றின் பிழைகள் வெவ்வேறானவை. சுழிய இடைவெளியில் மட்டும் அனைத்தும் ஒரே விடையில் வந்து சேர வேண்டும். அவ்வாறே சேர்ந்தன. முதற்குழுவும் 0.048 ஃபெர்மி வரை கட்டத்தை நுணுக்கிப் பார்த்தது. 2025இல் கோட்பாட்டாளர் கூட்டமைப்பு அணிக்கோவை விடைகளையே தன் கணிப்பிற்கு அடிப்படையாக ஏற்றது. அவ்வாண்டு ஜூனில் ஃபெர்மி ஆய்வுக்கூடம் நூறு கோடியில் 127 பங்கு என்னும் துல்லியத்தில் தன் இறுதி அளவை வெளியிட்டபோது, கோட்பாடும் சோதனையும் பிழை எல்லைக்குள் ஒத்திருந்தன. பழைய முறைக் கணிப்புகள் ஏன் தம்முள் முரண்படுகின்றன என்னும் ஆய்வு தொடர்கிறது. புதிய விசையைக் கண்டுவிட்டோம் என்று அவசரப்பட்டோர்க்குக் கட்டமிடல் பிழையைப் பொறுமையோடு களைந்தோர் விடை கூறினர்.

மாணவருக்கான விடை

கணினி சொன்னதனாலேயே ஒன்று சரியாகிவிடாது. கணினி சொன்ன எண்ணோடு, எந்த இடைவெளியில் அது கிடைத்தது, இடைவெளி மாறும்போது எப்படி மாறியது, எந்த விதிப்படி சுழியத்திற்குச் சென்றனர், வேறு வழியில் சென்றவரும் அங்கேயே வந்து சேர்ந்தனரா என்னும் நான்கையும் கேட்க வேண்டும். நான்கிற்கும் விடை இருந்தால் அவ்வெண்ணை நம்பலாம். அதுவும் அதனோடு தரப்பட்ட பிழை எல்லைக்குள் மட்டும்.

பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடு, கி.பி. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் ஆட்சியில் அவ்வூரின் வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கல்விக்கு நிலம் கொடுத்த மண் அது. அம்மண்ணின் பிள்ளைகள் கணித அறிவியல் நிறுவனத்தின் வாயிலைத் தட்டுவதற்குத் தேவையான முதற்பாடம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது: ஒரு கயிறு, சில முளைகள், பிழையை மறைக்காத மனம். சமர்கந்தின் அறிஞர் பேரண்டத்தை அளக்கும் முன்பே தன் பிழை ஒரு குதிரை முடியைத் தாண்டக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொண்டார். அந்த நேர்மை இருக்கும் இடத்தில்தான் எண்கள் அறிவாகின்றன.